காலை எடுத்தா நின்னுரும்

பின்னாடி சங்கிலியெல்லாம் இறுக்கமாத்தானுங்க தம்பி போட்டிருக்கறீங்க? இல்ல, உங்க தொழிலை நான் சொல்லித் தர வரல. கண்ணாடியில பாத்தா உங்க லாரி மேல எங்காரு லேசா ஆடற மாதிரி தெரிஞ்சுது. ஆடுனா ஆடட்டும். அது கீழ விழுந்தாக்கூட இப்ப நான் அழமாட்டனுங்க.

ஈரோட்டுக்குத்தான். பெருந்துறை தாண்டி ஈரோடு ரோட்டுல காதர் பாய் ஒர்க்‌ஷாப்பு. நான் வழி சொல்றேன். அவசரமே இல்லீங்க, மெதுவாவே ஓட்டுங்க. எங்கயோ போவோணும்னு இருந்த ஆளுதான். இனிப் போய் என்ன பண்ண?

ரயில்வே கேட்டுல பாத்தீங்கல்ல, எனக்குப் பின்னாடி எத்தனை வண்டி? கேட்டு போட்டாங்க. எல்லாரும் எஞ்சினை நிறுத்துனாங்க. நானும் நிறுத்துனேன். ரொம்ப நாளைக்கப்பறம் நானா, எம்மனசோட நிறுத்துனனுங்க தம்பி. அது ஒரு சந்தோசம். பக்கத்து வண்டிக்காரனைப் பாத்து சிரிக்கக்கூட சிரிச்சேன். ரயில் போச்சு, கேட்டைத் தூக்குனாங்க, சாவியைத் திருப்புனேன். கிர்ரு கிர்ருன்னு சுத்துது, பத்திக்கல. பின்னால ஹாரன் அடிக்கறாங்க. பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் தலையை வெளிய நீட்டிப் பாக்கறாங்க. அவனைப் பாத்து ஏன் சிரிச்சேன்னு ஆயிப்போச்சு.

சூடானா ஸ்டார்ட் ஆகாதான்னு வந்ததும் கேட்டீங்க. ஆமாங்க, ஆகாது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நான் யாரோ நீங்க யாரோ. காலையில குளுந்து கெடக்கறப்ப சாவியைத் தொட்டாப் போதும், அப்புடிக் கெளம்பும். ஓடிச் சூடானப்பறம் நிறுத்தீட்டீங்கன்னா முடிஞ்சுது. அரை மணி நேரமோ என்னமோ ஆறோணும். ஆறுனா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இது ஒரு நோவு. முந்தி இன்னொரு நோவும் இருந்துது, ஐடிலிங்கு. நிக்கறப்ப சீரா ஓடாது. ஏறும், எறங்கும், இருமும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுரும். நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ரெண்டு நோவும் கைகோத்துக்கிட்டா மனுசன் என்னங்க பண்ணுவான்? வண்டியை விட்டு எறங்கவே முடியாது. அதுதானுங்க நடந்துது. நான் வேற ஒரு தப்பும் பண்ணல.

போன் அடிக்குது. அடிக்கட்டும் விடுங்க. எம்புள்ளதான். அப்பறம் பேசிக்கறேன்.

சென்னிமலையில இருக்கறனுங்க. ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன் பாத்துக்கறேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்ன கால்ல நின்னு, வர்றவங்களையெல்லாம் வாங்க வாங்கன்னு கும்புடற வேலை. அப்படியாப்பட்ட ஆளைப் பாத்து, மரியாதை தெரியாதவன், திமிர் புடிச்சவன்னு ஒரு ஊரே பேசுதுன்னா எப்புடி இருக்கும்? நெனச்சாச் சோறு எறங்க மாட்டீங்குது.

எம்புள்ள சுகன்யாவைக் கவுந்தப்பாடிக்குப் பக்கத்துல ஆலங்காட்டு வலசுல குடுத்திருக்கு. சம்பந்தி பேரு அர்த்தநாரி. கரும்பாலை வெச்சு சர்க்கரை காய்ச்சறவரு. நல்ல மனுசன். அவரு ஏறுனது எறங்குனது எல்லாம் ஒரு பழைய மொபெட்டுதான். பேச்சுவார்த்தை நடக்கறப்ப நானும் எஞ்சம்சாரமும் பஸ்ஸுல போயி, ஸ்டாப்புல எறங்கி, மண்ரோட்டுல நடந்து போனோம். உள்ள நுழையறப்ப சம்பந்தி, எதுல வந்தீங்கன்னு கேட்டாரு. சும்மா வாய் வார்த்தைக்குக் கேக்கறதுதான். எனக்கு என்னமோ செருப்புல இருக்கற புழுதியைப் பாத்துட்டுக் கேட்ட மாதிரி பட்டுது. கார்லதானுங்க வந்தோம், ரோட்டு மேல நிக்குதுன்னு சொல்லிப்போட்டேன். எஞ்சம்சாரம் மரகதம் என்னைத் திரும்பிப் பாத்தா. அவ பாத்ததை யாரும் பாக்கல, நல்லவேளை.

சொன்னப்பறம் வாங்காம இருக்க முடியுங்களா? கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரு பழைய கார் புரோக்கரைப் புடிச்சேன். சார், நீங்க விடியால வந்துருங்க, வெயிலுக்கு முன்னாடி பாத்தரலாம்னான். அக்கறையான பையன்னு நெனச்சனுங்க. போனா, ஒரே சாவிக்கு ஸ்டார்ட் ஆச்சு. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்து நிறுத்தப் போனேன். இருக்கட்டும் சார், ஓடட்டும்னு அவனே தொறந்த கதவு வழியாக் குனிஞ்சு, ஒரு காலை உள்ள விட்டு, ஆக்சிலேட்டரை லேசா அமுத்திக்கிட்டே பேசுனான். பேசி முடிக்கற வரைக்கும் அந்தக் காலை எடுக்கல. எனக்கு இப்பத்தான் அது ஏன்னு தெரியுது. அன்னைக்கு, எத்தனை மரியாதைன்னுதான் நெனச்சேன்.

எலுமிச்சம்பழம் ஏத்தி, மாலை போட்டு, நேரா சம்பந்தி வீட்டுக்குத்தான் ஓட்டுனேன். பாதி வழியில ஒரு சிக்னல்ல நின்னுபோச்சு. அப்பத் தெரிஞ்சுது வண்டியோட லட்சணம். ஆறவெச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, அவரு வாசல்ல போய் நின்னனுங்க. எறங்கல. காலை எடுத்தா நின்னுரும். அவரு வாசலுக்கே வந்து, வாங்க சம்பந்தி, உள்ள வாங்கன்னாரு. இல்லீங்க, கடையில ஆள் இல்ல, ஓடோணும்னேன். மரகதம் மட்டும் உள்ள போனா. அவரு பாவம், காப்பியை டம்ளர் வட்டாவோட எடுத்தாந்து ஜன்னல்ல நீட்டுனாரு. நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் வெயில்ல நின்னாரு. வண்டி எப்புடீங்கன்னு கேட்டாரு. ஒரே சாவிதானுங்க, ஷோரூம் வண்டி தோத்துதுன்னேன்.

அதுக்கப்பறம் எப்பப் போனாலும் அதேதான். தீபாவளிச் சீர் கொண்டு போனப்பவும், புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னு பாக்கப் போனப்பவும், கார்லயே உக்காந்து பாத்துட்டு வந்தேன். எம்புள்ள வாசலுக்கு வந்து ஜன்னல்ல கையை வெச்சுக்கிட்டு நிக்கும். எறங்குங்கப்பா, ஒரு வாய் சாப்புடுங்கன்னு சொல்லும். நேரமில்ல அம்மிணின்னு சொல்லுவேன். சொல்லிக்கிட்டே கால்ல அமுத்துவேன். எம்பேச்சை விட எஞ்சின் சத்தம்தான் அதுக்குப் பெருசாக் கேட்டிருக்கும்.

சம்பந்தி ஒரு நாள் கேட்டாரு. குரலைத் தாழ்த்தி, பக்கத்துல யாருக்கும் கேக்காம கேட்டாரு. "வண்டிக்கு ஏதாச்சும் ஒடம்பு சரியில்லீங்களா சம்பந்தி? நம்ம ஆலையில ஒரு எஞ்சின் இருந்துது, அதும் இப்புடித்தான், நிறுத்துனா அவ்வளவுதான்"னு ஆரம்பிச்சாரு. நான் விடல. சேச்சே, இது புது மாடல், இப்புடித்தான் சத்தம் வரும்னு சொல்லி அவரு வாயை அடைச்சுப்போட்டேன். அவரும் சரீங்க சரீங்கன்னு தலையாட்டிக்கிட்டாரு. சர்க்கரை மூட்டை ஒண்ணைப் பின்சீட்டுல வெச்சு அனுப்புனாரு.

வைத்தியம் பாக்காம இருந்தனான்னு நெனச்சிராதீங்க. பாக்காத ஆளில்ல. பேட்டரிக் கடைக்காரன் பேட்டரியைப் போட்டான். அடுத்தவன் பிளக்கு, காயில் எல்லாத்தையும் மாத்துனான். இன்னொருத்தன் கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்துட்டு, வண்டியில ஒண்ணுமே இல்லீங்களே, நல்லா இருக்குதேன்னான். எல்லாப் பயலும் மொதல்ல ஒரே கேள்விதான் கேப்பான். எப்ப நிக்குது, சூட்டுலயா, ஏசி போட்டாவா, எத்தனை நாளா? நான் என்ன சொல்றது? வாங்குன நாள்ல இருந்துன்னு சொன்னா, இந்தாளு கண்ணைத் தொறந்துட்டே ஏமாந்திருக்கான்னு நெனப்பானுங்களா இல்லையா? இன்னைக்குத்தானப்பா மொத மொதலா இப்புடி ஆச்சுன்னு சொல்லுவேன். ஒருத்தன்கிட்ட, இது என் வண்டியே இல்ல, சிநேகிதரோடதுன்னு கூடச் சொன்னேன். அதுக்கு அவன், அவரையே வரச் சொல்லுங்கன்னுட்டான். ஒரு நாள் வண்டியை நிறுத்திக் காட்டுங்கன்னான் இன்னொருத்தன். ஒர்க்‌ஷாப்புக்குள்ள போறதுக்குள்ள ஆறிப்போச்சு, ஒரே சாவிக்கு எடுத்துக்கிச்சு. அவன் சிரிச்சான். நம்ம நேரம்.

மறுபடி போன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க தம்பி, அது அடிச்சு அடிச்சு ஓயும்.

சம்பந்தி செத்துப்போயிட்டாரு. ஆலையில இருந்து வந்து சாப்புட உக்காந்தவரு, தண்ணி கேட்டாராம். அவ்வளவுதான். விடியால போன் வந்துது.

உங்களுக்கே தெரியும், சம்பந்தி வீட்டு எழவுன்னா நாம சும்மா போய் நின்னுட்டு வர முடியாது. கோடி போடோணும். பொண்ணு குடுத்தவன், புது வேட்டியை எங்கையால அவரு மேல போர்த்தோணும். எங்கடையிலயே இருக்கறதுல நல்ல வேட்டியா, கரை பாத்து, மடிப்பு பாத்து நானே எடுத்தேன். நாலு தறியோட வேட்டியை எடுத்து விரிச்சு, கடைசியில ஒண்ணு. அவரு உசுரோட இருந்தா அதைக் கட்டியிருக்க மாட்டாரு, பொட்டிக்குள்ள வெச்சிருப்பாரு.

மரகதம் பஸ்ஸுல போலாம்னா. எழவுக்குப் பஸ்ஸுல போறதான்னு கேட்டேன். அவ கோடித்துணியை எடுத்துக்கிட்டுப் பின்சீட்டுல ஏறிக்கிட்டா. எம்மச்சான் தங்கவேலுவையும் ஏத்திக்கிட்டுப் போனோம். வலசுக்குள்ள தெரு ஒடுக்கம். வாசல் வரைக்கும் கொண்டு போய் நிறுத்துனேன். ஏன்னா, தூரத்துல நிறுத்துனா எறங்கி நடக்கோணும். எறங்குனா நின்னுரும். மேளம் அடிக்குது. பொம்பளைங்க கட்டிப்புடிச்சு அழுவறாங்க. நான் உள்ளயே உக்காந்திருக்கேன். எஞ்சின் ஏறுது, எறங்குது, இருமுது. நான் அமுத்தறேன். அழுவாச்சிச் சத்தம் கொஞ்சம் தணியறப்பல்லாம் எங்காரு உறுமுது.

மரகதம் ஜன்னலுக்கு வந்தா. கோடித்துணியை எங்கையில குடுத்து, "ஏனுங்க, நிறுத்திப்போட்டு வாங்க. ஸ்டார்ட் ஆவலீன்னா கெடக்கட்டும், பஸ்ஸுல போயிக்கலாம்"னா. அவளுக்கென்ன தெரியும்? அத்தனை பேரு முன்னால வண்டி ஸ்டார்ட் ஆவாம நின்னா, சம்பந்தி செத்த அன்னைக்கே, இவன் அவருகிட்டச் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிருமில்லீங்களா? நீ போயிப் போடு, நான் பின்னாலயே வர்றேன்னு துணியைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவளும் தங்கவேலுவும் உள்ள போனாங்க. தங்கவேலுதான் போட்டான். நான் எடுத்த வேட்டியை.

ஒரு வயசான அம்மா வந்து கண்ணாடியைத் தட்டுச்சு. சாமி, அதைச் சித்த நேரம் நிறுத்தப்படாதா, காது கேக்க மாட்டீங்குதுன்னுச்சு. நான் தலையாட்டிச் சிரிச்சனுங்க. எழவு வீட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டுச் சிரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல தம்பி.

அப்பறம் எடுத்துட்டாங்க. பாடையைத் தோள்ல தூக்கியாச்சு. மாப்பிள்ளை பூபதி ஈர வேட்டியோட, கையில கொள்ளிச்சட்டியோட முன்னால வர்றாரு. தெருவுல எங்காரு நிக்குது. யாரோ கையைக் காட்டி எடுங்க எடுங்கன்னாங்க. பதட்டத்துல கியரைப் போட்டேன், காலை எடுத்துட்டேன். நின்னுபோச்சு.

சாவியைத் திருப்பறேன். கிர்ருங்குது. திருப்பறேன். கிர்ருங்குது. மேளக்காரங்க அடிக்கறதை நிறுத்திட்டாங்க. எடுத்த பாடை நடுவுல நிக்கக் கூடாதுங்க தம்பி. எந்த ஊர்லயும் நிக்கக் கூடாது. நின்னுது. எங்காருக்கு முன்னால, சம்பந்தியைத் தோள்ல வெச்சுக்கிட்டு நாலு பேரு நின்னாங்க. கை சும்மா இருந்தவங்கெல்லாம் வந்து காரைத் தள்ளுனாங்க. நகரல. இன்னும் கொஞ்சம் பேரு வந்து தள்ளுனாங்க. அப்பவும் நகரல. ஹேண்ட் பிரேக்கை எடுய்யான்னு ஒருத்தன் கத்துனான். ஆமாங்க. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.

மாப்பிள்ளை கண்ணாடி வழியா என்னையப் பாத்தாரு. சட்டியில இருந்து பொகை அவரு மூஞ்சியில அடிக்குது, கண்ணுல தண்ணி. அது பொகைக்கு வந்ததா, அப்பனுக்கு வந்ததா, எனக்காக வந்ததா, எனக்குத் தெரியல. நான் சீட்டுல இருந்தேன். என்னையும் சேத்துத்தான் தள்ளுனாங்க. ஸ்டீரிங்கைத் திருப்ப ஆள் வேணுமில்லீங்களா? அதான் உக்காந்திருந்தேன். இல்லீன்னா எறங்கியிருப்பேன். எறங்கித்தான் இருப்பேன்.

ஒரு சந்துக்குள்ள தள்ளி விட்டுட்டு அவங்க போயிட்டாங்க. சுடுகாட்டுக்கும் நான் போகல. மேளச் சத்தம் தூரமாப் போயிக் கேக்காமப் போச்சு. அந்தச் சந்துல ஒரு நாய், நானு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சுச் சாவியைத் திருப்புனேன். ஒரே சாவிக்கு எடுத்துக்கிச்சு. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுங்களா? நிறுத்தீரக் கூடாதுன்னு மட்டுந்தான் தோணுச்சு. அப்புடியே ஓட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். மரகதம், தங்கவேலு ரெண்டு பேரையும் அங்கயே விட்டுட்டு. எழவு வீட்டுல சொல்லிக்காமப் போறதுதான் முறை. அன்னைக்கு அந்த ஒரு முறையைத்தான் நான் சரியாப் பண்ணுனேன்.

ராத்திரி மரகதம் பஸ்ஸுல வந்து எறங்குனா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. தலைக்கு ஊத்திட்டு, எனக்குச் சோத்தைப் போட்டு வெச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

இன்னைக்கு அவருக்குக் கருமாதிங்க.

அதுக்குத்தானுங்க கெளம்புனேன். சாங்கியமெல்லாம் முடிஞ்சதும், கொள்ளி வெச்ச மவனுக்கு உருமால் கட்டோணும். தலைப்பாகை. அதை மாமனார்தான் கட்டோணும். அதைக் கட்டுனாத்தான் அவரு துக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி. எம்புள்ளை போன வாரம் போன் பண்ணுச்சு. அதுக்கு முந்தி பண்ணவே இல்ல, அன்னைக்குத்தான் பண்ணுச்சு. "அப்பா, அவரு சொல்லிட்டாரு. மாமாவே வந்து கட்டட்டும்னுட்டாரு. வந்துருவீங்கல்ல?"ன்னு கேட்டுச்சு. அந்த 'வந்துருவீங்கல்ல' எனக்கு முள்ளு மாதிரி குத்துச்சு. வராம எங்க போவேன்னேன்.

மரகதம் நேத்தே போயிட்டா. நீங்களும் வாங்க, ஒண்ணா பஸ்ஸுல போலாம்னா. எனக்கு மனசு கேக்கல. யோசிச்சுப் பாருங்க. பஸ்ஸுல போயி எறங்குனா, அன்னைக்கு இவன் திமுருலதான் எறங்கலன்னு ஊரு பேசறது நெசமாயிரும். கார்ல போவோணும். வாசல்ல நிறுத்தோணும். எல்லாரும் பாக்க எஞ்சினை ஆஃப் பண்ணோணும். போறப்ப எல்லாரும் பாக்க ஸ்டார்ட் பண்ணோணும். அப்பத்தான், அடடா, அன்னைக்கு வண்டியிலதான் கோளாறு, மனுசன் மேல தப்பில்லைன்னு புரியும். இதுக்குத்தான் காதர் பாய்கிட்ட விட்டேன்.

கெட்டிக்காரரு பாய். ஒரு ரப்பர் குழாயைக் காதுல வெச்சுக்கிட்டு எஞ்சினைச் சுத்திச் சுத்திக் கேட்டாரு. அப்பறம் ஒரு ஸ்பிரேயை எடுத்து அங்கங்க அடிச்சாரு. ஒரு எடத்துல அடிச்சதும் எஞ்சின் சத்தம் மாறுச்சு. இங்கதானுங்க காத்து உள்ள இழுக்குது, கேஸ்கெட் போயிருச்சுன்னாரு. மாத்துனாரு. ஐடிலிங் அப்புடியே படிஞ்சுது. காலை எடுத்துட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அது பாட்டுக்கு ஓடுது. பாய், வேற ஏதாச்சும் இருக்குதா, சூட்டுல ஸ்டார்ட் ஆவறதுல தொந்தரவு உண்டான்னு கேட்டாரு.

இல்லைன்னு சொன்னேன்.

ஏன்னா, வண்டியை விடறப்பவே சும்மா ஜெனரல் சர்வீஸ்தான், நல்ல வண்டின்னு சொல்லி வெச்சிருந்தேன். ஒண்ணு சொன்னப்பறம் அதை மாத்தினா நல்லாவா இருக்கும்? அதுமில்லாம, ஒரு நோவைக் கண்டுபுடிச்சவரு இன்னொண்ணையும் கண்டுபுடிக்கட்டுமே. அதுக்குத்தான மெக்கானிக்கு? நீங்களே சொல்லுங்க. ஏன் சிரிக்கறீங்க? சரி, சிரிக்கல. எனக்கு அப்புடித் தெரிஞ்சுது.

இப்ப அவருகிட்டத்தான் போறேன். கொண்டு போயி விட்டுட்டு, நல்லாப் பாருங்க பாய்னு சொல்லப் போறேன். நல்லா ஆனப்பறம், ஒரு நாள் சாவகாசமா வலசுக்குப் போறேன். எறங்கி, உள்ள போயி, உக்காந்து... ஒண்ணு சொல்லட்டுங்களா? கல்யாணத்துக்கப்பறம் அந்த வீட்டுக்குள்ள நான் ஒரு தடவை கூடக் காலெடுத்து வெக்கல. அவரு வீட்டுல சோறு தின்னதில்ல. அவரு கூப்புடாத நாளில்ல. இப்பத்தான் கணக்குப் பாக்கறேன், அப்புடி ஒரு நாளே இல்ல. அந்த மனுசன் எப்பவும் எனக்கு ஜன்னலுக்கு வெளியதான் நின்னாரு.

உருமாலைத் தங்கவேலு கட்டிருவான். கோடி போட்டவன்தான. இதும் நடக்கட்டும். எம்புள்ளை கொஞ்ச நாள் பேசாது. அப்பறம் பேசும். பெத்த அப்பன்கிட்ட எத்தனை நாளைக்குப் பேசாம இருக்கும். பேசும்.

தம்பி. ஈரோடு ரோடு வலது கைப் பக்கம் போச்சுங்களே. நீங்க நேரா வந்துட்டீங்க. போர்டைப் பாக்கலியா? பேச்சுக் குடுத்துட்டே இருந்துட்டேன், எந்தப்புத்தான். திருப்பிக்கலாம், முன்னால பெட்ரோல் பங்க்கு இருக்குது, அங்க வளைச்சுக்கலாம். என்னங்க? தெரிஞ்சுதான் வந்தீங்களா? எங்க போறீங்க?

வேண்டாங்க. தம்பி, சொன்னாக் கேளுங்க. நான் காருக்குத்தான் உங்களைக் கூப்புட்டேன், எனக்கில்ல. உங்க அப்பன் கருமாதியில உங்களுக்கு யாரு உருமால் கட்டுனாங்களோ, எனக்கென்ன தெரியும்? அது உங்க வீட்டுச் சமாச்சாரம். அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க. அப்புடியா? கட்ட ஆள் வரலியா? வெறுந்தலையோடயா சாப்புட உக்காந்தீங்க?

சரி, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க தம்பி.

வாய்க்கால் வந்துருச்சு. இதைத் தாண்டுனா கரும்புக் காடு, அப்பறம் வலசுதான். வழியே கேக்காம வந்துட்டீங்க. பேரை நான்தான் சொன்னேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம எல்லாத்தையும் உங்ககிட்டக் கொட்டுனேன் பாருங்க. தம்பி, இப்புடி ஊர்கோலமாவா போறது? முதுகுல காரைத் தூக்கி வெச்சுக்கிட்டு? அன்னைக்கு ஒரு தெருதான் பாத்துது. இன்னைக்குக் கருமாதிக்கு வந்த ஒறம்பரை அத்தனையும் பாக்கும். வெக்கம் புடுங்கித் தின்னுதுங்க.

பந்தல் தெரியுது. நிறுத்துங்க. இங்கியே, இந்த வேப்பமரத்துக்கிட்டயே நிறுத்துங்க. கிட்டப் போவேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இந்தப் பையில உருமால் இருக்குது. நானே எடுத்தது, நல்ல சரிகை, மடிப்பு கலையாமப் புடிச்சுக்கோணும். கொண்டு போயி மரகதம்னு கேளுங்க, அவகிட்டக் குடுத்துட்டு வந்துருங்க. மாமா வர்றப்ப வண்டி நின்னுபோச்சுன்னு... இல்ல, அது வேண்டாம். அவசரமா கடையில கூப்புட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. என்னமோ ஒண்ணு சொல்லுங்க. ஏன் கையை நீட்ட மாட்டீங்கறீங்க? வாங்கிக்குங்க.

எல்லாரும் இங்கதான் பாக்கறாங்க. உங்க வண்டி உசரம், மறையவும் முடியல. அதா, மரகதம். தங்கவேலு தூண்கிட்ட நிக்கறான். எம்புள்ளை போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்குது. இதோ அடிக்குது பாருங்க, இங்க அடிக்குது.

யாரோ எந்திரிச்சு வர்றாங்க. மொட்டை அடிச்சிருக்குது, அடையாளம் தெரியல. மாப்பிள்ளைங்க. பூபதிதான். நேரா இங்கதான் வர்றாரு. தம்பி, அவரு தலையில ஒண்ணுமில்ல. சாங்கியம் எப்பவோ முடிஞ்சிருக்கோணும், எலை போட்டுட்டாங்க, பாருங்க. எலை போட்டுட்டு யாரும் உக்காராம நிக்கறாங்க. தங்கவேலு பக்கத்துலயேதான் இருக்கான், கட்டல. அவரு கட்டிக்கல. இத்தனை வெயில்ல வெறுந்தலையோட நடந்து வர்றாரு.

நான் என்ன பேசறதுங்க அவருகிட்ட? மொத வார்த்தை என்னன்னே தெரிய மாட்டீங்குது.

பை எங்கிட்டயே இருக்கட்டும். நானே கொண்டு போறேன். இந்தக் கதவை எப்புடிங்க தொறக்கறது? கைப்பிடி எங்க இருக்குதுன்னே தெரியல. கொஞ்சம் தொறந்து விடுங்க தம்பி, அவரு கிட்ட வந்துட்டாரு.